சரக்கு முதல் தரம், கடைக்கு இடமில்லை

"கடையைக் கொழும்புக்கு மாற்றலாமா?" இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி காணும் கேள்வி இது. வெளியூரில் இருபது வருடமாகப் புடவைக் கடை நடத்துபவர் கேட்கிறார், ஹாட்வெயார் நடத்துபவரும் கேட்கிறார். ஊரில் சனம் போதாது, வியாபாரம் முன்னைப் போல் இல்லை, பெரிய பட்டினத்துக்குப் போனால் அல்லாஹ் பரகத் செய்வான் என்ற எண்ணம். ஒவ்வொருவருடைய கணக்கும் வேறு என்பதால் நேரடியாகப் பதில் சொல்வதை நான் தவிர்த்தே வந்திருக்கிறேன். இம்முறை ஒரு வரலாற்றைத் தருகிறேன். ஊரும் நமக்குப் புதிது, தொழிலும் புதிது. கனடாவின் இளைஞர் ஐஸ் ஹொக்கி அணியொன்று 1996 முதல் 2023 வரையிலான இருபத்தேழு வருடங்களில் நான்கு ஊர்களில் கடை விரித்த கதை.

வினிப்பெக் நகரில் குடியிருக்கும் என் மருமகன் 2022ஆம் ஆண்டின் கடைசியில் என்னை ஒரு போட்டிக்கு அழைத்துச் சென்றிருக்காவிட்டால் இது எனக்கும் தெரிய வந்திருக்காது. பல்கலைக்கழகமொன்றின் பயிற்சி மண்டபம். வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர். உள்ளே இருக்கைகள் சீக்கிரமே நிரம்பிவிட்டன.

"மாமா, இந்த லீக்குலயே இவங்கதான் நம்பர் வன். ஆனா மண்டபத்தப் பாத்தீங்களா, நம்மட ஊர் ஸ்கூல் ஹோல் மாதிரி" என்றான்.

விளையாட்டு எனக்கு அவ்வளவாக விளங்கவில்லை. பனித் தரையில் சறுக்கிக்கொண்டு ஒரு றப்பர் வில்லையைத் துரத்துகிறார்கள், ஒருவரை ஒருவர் சுவரோடு மோதுகிறார்கள். ஆனால் முதல் தரமான சரக்கை வைத்துக்கொண்டு சின்னப் பெட்டிக் கடையில் ஏன் வியாபாரம் செய்கிறார்கள் என்ற கேள்வி மனதில் விழுந்துவிட்டது. திரும்பி வந்ததும் தேடிப் படித்தேன்.

பெர்மிட் யாருடையது?

முதலில் தொழிலின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வெஸ்டர்ன் ஹொக்கி லீக் என்பது மேற்குக் கனடாவிலும் அமெரிக்காவின் வடமேற்கிலும் உள்ள நகரங்களின் அணிகள் மோதும் ஓர் இளைஞர் லீக். விளையாடுபவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பையன்கள். பெரிய சம்பளம் கிடையாது, கைச்செலவுக்குக் கொஞ்சமும் பின்னாளில் படிக்க உதவிப் பணமும் கிடைக்கும். தூர ஊர்களிலிருந்து வரும் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் தம் வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் இவை பாடசாலை அணிகளோ ஊர்ச் சங்க அணிகளோ அல்ல. பெரும்பாலானவை தனியார் வியாபாரம். லீக் ஓர் அனுமதியைத் தருகிறது, அந்த அனுமதிதான் சொத்து. நம் நாட்டில் பஸ் முதலாளிக்கு பஸ்ஸை விட ரூட் பெர்மிட் எப்படிப் பெறுமதியோ, அப்படித்தான் இதுவும். ஒரு வித்தியாசம்: லீக்கின் சபை சம்மதித்தால் இந்த பெர்மிட்டை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். வாடிக்கையாளரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இந்த பெர்மிட்டை முதலில் எடுத்தவர் எட் ஷினோவெத். சாதாரண ஆளல்ல. இதே லீக்கின் தலைவராக இருபது வருடங்களுக்கும் மேல் இருந்தவர், தொழிலின் உள்ளும் புறமும் அறிந்தவர். 1996இல் அல்பேர்ட்டா மாகாணத்தின் எட்மன்டன் நகரில் அணியைத் தொடங்கினார். பெயர் 'ஐஸ்'. எட்மன்டன் பெரிய நகரம், ஹொக்கிப் பைத்தியம் பிடித்த நகரம். ஆனால் அங்கே ஏற்கனவே எட்மன்டன் ஒய்லர்ஸ் என்ற பெரிய கடை இருந்தது. 1984 முதல் 1990 வரை ஐந்து முறை உலகப் புகழ் ஸ்டான்லி கிண்ணத்தைச் சுமந்த அணி அது. பெரிய அரங்கும் அவர்களிடம். ஐஸ் அணிக்குக் கிடைத்ததோ விவசாயக் கண்காட்சி நடத்தும் மண்டபம். புது அணி என்பதால் தோல்விகளும் அதிகம். இரண்டே பருவங்களில் ஷினோவெத் கடையைக் கட்டினார்.

இந்த இடத்தில் ஒரு பின்கதை. 2007இல் ஒய்லர்ஸ் உரிமையாளர்களே எட்மன்டனில் ஓர் இளைஞர் அணியைத் தொடங்கினார்கள், ஒயில் கிங்ஸ் என்று. அதே ஊர், அதே லீக். தங்கள் பெரிய அரங்கிலேயே விளையாட விட்டார்கள். 2014இல் அது கனடாவின் இளைஞர் ஹொக்கிக்கான மிகப் பெரிய பரிசான மெமோரியல் கிண்ணத்தை வென்றது. எட்மன்டனில் இளைஞர் ஹொக்கிக்கு ஆளில்லை என்று 1998இல் யாராவது சொல்லியிருந்தால் அது பிழை. ஆளிருந்தார்கள், வாசல் வேறொருவரிடம் இருந்தது. நம் பட்டினங்களில் சுப்பர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சில்லறைக் கடை போட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மலையோர ஊர்

1998இல் ஐஸ் அணி போன இடம் கிரான்புரூக். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில், ரொக்கி மலைத்தொடரின் அருகே, சுமார் 20,000 பேர் வாழும் ஊர். கணக்கப்பிள்ளை எவரும் சிபாரிசு செய்யாத இடம். ஆனால் ஷினோவெத் ஒரு காரியம் செய்தார். அணிக்குக் கிரான்புரூக் என்ற ஊர்ப் பெயரை வைக்காமல், அந்தப் பிராந்தியம் முழுவதற்கும் உரிய 'கூட்டெனே' என்ற பெயரை வைத்தார். சுற்றியுள்ள சின்னச் சின்ன ஊர்களெல்லாம் இது நம் அணி என்று சொல்லிக்கொள்ள வழி பிறந்தது. பெயர்ப் பலகையில் ஒரு சொல் மாற்றம், செலவில்லாத விளம்பரம்.

முதல் இரண்டு பருவங்கள் பழைய சிறு மண்டபத்தில்தான் விளையாடினார்கள். அந்த மண்டபத்தில் இருக்கும்போதே, வந்து இரண்டாவது பருவத்திலேயே, 2000ஆம் ஆண்டு லீக் சம்பியனானார்கள். அதே ஆண்டு ஊர் தன் பங்கைச் செய்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகளோடு, நீச்சல் தடாகமும் சேர்ந்த புதிய கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடம் நகரத்துக்குச் சொந்தம், அணி குத்தகைக்கு. இந்த இடத்தை வாசகர்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். தற்காலிகமாகச் சின்ன மண்டபம், பிறகு பெரிய மண்டபம் என்ற ஏற்பாடு கிரான்புரூக்கில் இரண்டே வருடத்தில் நிறைவேறியது.

அதன் பிறகு நல்ல காலம். 2002இல் மீண்டும் லீக் சம்பியன், அதோடு மெமோரியல் கிண்ணமும். 2011இல் மூன்றாவது தடவையாக லீக் சம்பியன். கிரான்புரூக்கில் முதல் 17 பருவங்களிலும் ஒரு தடவை தவறாமல் 'பிளே ஓஃப்' சுற்றுக்குத் தகுதி பெற்றார்கள். 2024இல் புளோரிடா அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற கடைசிப் போட்டியில் வெற்றிக் கோலைப் போட்ட சாம் ரைன்ஹார்ட் இந்த ஊரில் விளையாடி வளர்ந்த பையன்தான்.

ஷினோவெத் 2008இல் காலமானார். அதற்கு முதல் வருடமே லீக்கின் சம்பியன் கிண்ணத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தொழிலைத் தொடர்ந்தார்கள். ஆனால் சனம் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது. இருபதாயிரம் பேர் உள்ள ஊரில் ஒவ்வொரு பருவமும் முப்பத்தைந்து தடவை டிக்கட் விற்பது இலகுவல்ல. ஒரு குடும்பம் வராமல் விட்டால் அதன் இடத்துக்கு இன்னொரு குடும்பம் புதிதாகக் குடியேறி வரப்போவதில்லை. பிறகு தோல்விக் காலமும் வந்தது. 2015-16 பருவத்தில் 72 போட்டிகளில் 12இல் மட்டும் வெற்றி. அடுத்த பருவத்தில் சராசரிப் பார்வையாளர் தொகை இரண்டாயிரத்துக்கும் கீழே போனது.

2017இல் குடும்பம் அணியை விற்றது. வாங்கியவர்கள் வினிப்பெக்கைச் சேர்ந்தவர்கள். ஊரில் சந்தேகம் எழுந்தது இயல்பே. புதியவர்கள் 2,500 சீசன் டிக்கட் விற்க வேண்டும் என்று இலக்கு வைத்து ஒரு பிரசாரம் நடத்தினார்கள். இலக்கு எட்டப்படவில்லை, ஆனால் சனம் கூடியது, சராசரி மீண்டும் இரண்டாயிரத்தைத் தாண்டியது. 2019 ஜனவரியில், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த பருவம் வினிப்பெக்கில் என்று அறிவிப்பு வந்தது.

உரிமையாளர்களை நான் முழுவதும் குறை சொல்ல மாட்டேன். நட்டத்தில் ஓடும் கடையை ஊர்ப் பற்றுக்காக நடத்துங்கள் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சீசன் டிக்கட் என்பது முற்பணம். பொருளைக் காணாமலே நம்பிக் கொடுக்கும் பணம். கணக்குப்படி அந்தப் பருவத்துப் போட்டிகள் அனைத்தும் நடந்துவிட்டன, ஒரு சதமும் பாக்கியில்லை. ஆனால் பிள்ளைகளைத் தங்க வைத்துச் சோறு போட்ட வீடுகளும், போட்டி இரவுகளை நம்பியிருந்த சாப்பாட்டுக் கடைகளும் எந்தப் பற்றுவரவிலும் எழுதப்படாதவை. இப்படியொரு பிரிவை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கொரு அபிப்பிராயம் உண்டு: முதலில் ஊருக்குச் சொல்லி, ஊரில் வாங்க ஆளுண்டா என்று பார்த்து, பிறகுதான் பெட்டியைக் கட்ட வேண்டும். அதைச் சட்டம் கேட்காது, நம் மார்க்கம் கேட்கும்.

பெரிய பட்டினத்தில் நாலு வருடம்

வினிப்பெக், மனிட்டோபா மாகாணத்தின் தலைநகர், சுமார் ஏழரை இலட்சம் சனம். கிரான்புரூக்கைப் போல் முப்பத்தைந்து மடங்குக்கும் மேல். தாளில் எழுதினால் இலாபம் தானாகவே வரும் போலிருக்கும்.

திட்டம் இதுதான். முதலில் மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் மண்டபத்தில் தற்காலிகமாக விளையாடுவது. அதற்கிடையில் நகரத்தை ஒட்டிய பகுதியில் 4,500 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கு கட்டுவது. இருபது வருடங்களுக்கு முன் கிரான்புரூக்கில் நடந்த அதே ஏற்பாடு. ஆனால் அங்கே கட்டுவதாகச் சொன்னது ஊர், கட்டியதும் ஊர். இங்கே அந்தப் பாரம் அணிக்காரரின் தலையில். அரங்கு கட்டப்படவே இல்லை.

பல்கலைக்கழக மண்டபம் சுமார் 1,600 பேர் கொள்ளும். ஒரு பருவத்தில் சொந்த ஊரில் 34 போட்டிகள். ஒவ்வொன்றும் நிரம்பி வழிந்தாலும் 54,400 டிக்கட்டுக்கு மேல் விற்க முடியாது. கிரான்புரூக்கில் ஆள் வரவில்லை என்று அழுதார்களே, அங்கே சராசரி 2,200 பேர் என்று வைத்துக்கொண்டாலும் 74,800 டிக்கட். பெரிய பட்டினத்தில் டிக்கட் விலையைக் கூட்டலாம், விளம்பரம் கூட வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊரை விட்டு ஓடக் காரணமாயிருந்த மோசமான நாட்களின் கூட்டத்தை, புதிய இடத்தின் மிகச் சிறந்த நாளிலும் உள்ளே ஏற்ற இடமில்லை. ஏழரை இலட்சம் சனம் வாசலில் நின்றாலும் கதவின் அகலம் அவ்வளவுதான்.

அதோடு கொவிட் வந்தது. 2020 மார்ச்சில் முதல் பருவம் பாதியில் நின்றது. 2021இல் அவர்களுடைய பிரிவின் ஏழு அணிகளையும் ரெஜைனா நகரில் ஒரே இடத்தில் அடைத்து, பார்வையாளரின்றிக் குறுகிய பருவமொன்றை நடத்தினார்கள். டிக்கட் வருமானம் பூச்சியம். இது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் கட்டடம் கட்டப் பணம் தேடும் ஒருவருக்கு இதைவிடக் கெட்ட நேரம் அமைந்திருக்காது.

இத்தனைக்கும் நடுவில் சரக்கு மட்டும் தங்கமாக இருந்தது. நல்ல பையன்களைத் தேடிப் பிடித்து அணியைக் கட்டியெழுப்பினார்கள். 2021-22இலும் 2022-23இலும் தொடர்ந்து இரண்டு பருவங்கள் லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதலிடம். இரண்டாவது பருவத்தில் 68 போட்டிகளில் 57 வெற்றி. நான் பார்த்தது அந்தப் பருவத்தைத்தான். 2023 மே மாதத்தில் இறுதிச் சுற்றுவரை சென்று சியாட்டில் அணியிடம் தோற்றார்கள்.

மறு மாதம், ஜூனில், அணி விற்கப்பட்டது. வாங்கியவர்கள் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்துக்குக் கொண்டு போனார்கள். லீக்கிலேயே கூடுதலான வெற்றி பெற்ற அணி, அடுத்த மாதமே ஊரில்லாமல் போனது.

இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு வியப்பு கூடியது. வினிப்பெக் இந்த லீக்கில் இழந்த முதல் அணி இதுவல்ல. 1967இல் தொடங்கிய ஓர் அணி 1977இல் கல்கரிக்குப் போனது. 1980இல் வந்த வொரியர்ஸ் அணி 1984இல் மூஸ் ஜோ என்ற சிற்றூருக்குப் போனது. ஐஸ் மூன்றாவது. முதல் இரண்டு அணிகளும் கிளம்பியபோது அதே நகரில் வினிப்பெக் ஜெட்ஸ் என்ற பெரிய அணி இருந்தது. அது 1996இல் நகரை விட்டுப் போய், 2011இல் வேறோர் அணி அதே பெயரில் வந்து சேர்ந்தது. ஐஸ் அணி வரும்போது ஜெட்ஸோடு, அதற்கு அடுத்த தரத்து மூஸ் அணியும் 2015 முதல் அதே பெரிய அரங்கில் விளையாடிக்கொண்டிருந்தது. எட்மன்டனில் ஒரு பெரிய கடை, இங்கே இரண்டு. ஷினோவெத் 1998இல் கற்ற பாடம் அவருடைய பெர்மிட்டோடு சேர்த்து விற்கப்படவில்லை போலும்.

ஊரே முதலாளியானால்

மேலே சொன்ன மூஸ் ஜோவைக் கவனியுங்கள். சுமார் 33,000 பேர் உள்ள ஊர். வினிப்பெக்கில் நாலு வருடம் மட்டும் தாங்கிய அணி அங்கே நாற்பது வருடம் நிலைத்து, 2024இல் முதன்முதலாக லீக் சம்பியனானது. அதே சஸ்கச்சுவான் மாகாணத்தின் சுவிஃப்ட் கரண்ட் இன்னும் சிறியது, சுமார் 17,000 பேர். அங்கிருந்த புரொங்கோஸ் அணி 1974இல் ஊர் சிறிது என்று லெத்பிரிட்ஜ் நகருக்குப் போய்விட்டது. 1986இல் ஊரார் சேர்ந்து அதை வாங்கித் திரும்பக் கொண்டு வந்தார்கள். 1989இல் மெமோரியல் கிண்ணம், 2018இல் லீக் சம்பியன். கிரான்புரூக்கை விடச் சிறிய ஊர், அணி அங்கேயே இருக்கிறது.

இரண்டு அணிகளுக்கும் பொதுவானது, அவை ஊர்ப் பொதுச் சொத்து. இலாபத்தை எடுத்துச் செல்லத் தனி முதலாளி இல்லை. வருடாந்தக் கூட்டத்தில் வரவு செலவை ஊர் முன் வைக்கிறார்கள். நல்ல வருடத்தின் மிச்சம் கெட்ட வருடத்துக்கு உதவுகிறது. சீட்டிழுப்பு நடத்தியும் பணம் சேர்க்கிறார்கள், அது நமக்கு ஆகாத வழி, விட்டுவிடுவோம். ஆனால் பலர் முதல் போட்டு, இலாப நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முஷாரகாவைப் பற்றி நாம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஒரு பெர்மிட் ஊரை விட்டுப் போகாமல் தடுக்கும் பலம் கூட்டு உடைமைக்கு உண்டு என்பதை இந்தப் பனி தேசத்துக் கிராமத்தவர்கள் வேறு பெயரில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஐஸ் அணி கடைசியாகச் சேர்ந்த வெனாச்சி ஊரின் கதை இதற்கு எதிர்ப்புறம். அங்கே அணி கிடைக்கும் முன்னே கட்டடம் இருந்தது. 2008இல் திறந்த, 4,300 பேர் கொள்ளும் அரங்கு. அதற்காக வாங்கிய கடனில் 2011 டிசம்பரில் சுமார் 42 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போய், பிறகு விற்பனை வரியைக் கூட்டித்தான் நிமிர்ந்தார்கள். அரங்கைப் பயன்படுத்தாத குடிமகனும் கடையில் சாமான் வாங்கும்போதெல்லாம் அதற்குக் காசு கொடுத்தான். ஆக 2023இல் சந்தித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர்: கடையில்லாத வியாபாரியும், கடனை அனுபவித்துவிட்ட கட்டடக்காரரும். அணி 'ஐஸ்' என்ற பெயரையும் வினிப்பெக்கிலேயே விட்டுவிட்டு, அந்த ஊர் அணிக்கு முன்பே இருந்த 'வைல்ட்' என்ற பெயரைச் சூடிக்கொண்டது.

கிரான்புரூக்கின் பெரிய கட்டடம் அதிக நாள் பூட்டியிருக்கவில்லை. 2011இல் ஐஸ் சம்பியனானபோது கோல் காவலராக நின்ற நேதன் லூவன், தான் விளையாடிய ஊருக்கே திரும்பி வந்து, சற்றுக் குறைந்த தரத்திலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா லீக்கில் 'பக்ஸ்' என்ற அணியை 2020இல் தொடங்கினார். செலவு குறைந்த லீக், ஊரின் அளவுக்குத் தைத்த சட்டை. அவர்களுடைய முதல் பருவத்தையும் கொவிட் விழுங்கி, 2021இல் வெளியூரில் பார்வையாளரின்றி ஆட வைத்தது. ஆனால் அதற்குப் பின் வாசல் திறந்தபோது, அதே மண்டபத்தில், அதே சனத்துக்கு முன்னால் விளையாடினார்கள்.

அணி விற்கப்பட்ட வாரம் மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டான். நாங்கள் பார்த்த அணி போய்விட்டது என்றான். இனி என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"என்ன செய்ய மாமா, ஜெட்ஸ் மெட்ச்தான் பாக்கணும். டிக்கட் விலதான் கூட" என்றான்.